கப்பலில் டொக்டர் இருப்பார், பல் வைத்தியர் இருக்கமாட்டார்

கேள்வி: எனக்கு வயது 62. ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் 35ஆவது திருமண நிறைவுக்காக ரொறன்ரோவில் இருக்கும் மகள், எனக்கும் கணவருக்கும் ஓர் உல்லாசக் கப்பலில் டிக்கெட் எடுத்துத் தந்திருக்கிறாள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பும் ஐந்து இரவுப் பயணம். புறப்பட இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் வேர்ச் சிகிச்சை செய்து கிரவுன் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) போட்ட என் இடது கீழ்க் கொடுப்புப் பல் இரண்டு மாதமாகத் தொந்தரவு தருகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று இழுக்கிறது. காலையில் எழும்பினால் அந்தப் பக்கம் ஒரு கெட்ட சுவை. "இப்போது கை வைத்தால் இல்லாத வலியைக் கிளப்பிவிடுவார்கள், கப்பலில் டொக்டர் இருப்பார்தானே, போய்வந்து பார்த்துக்கொள்வோம்" என்கிறார் கணவர். அவருக்கு மேல்வரிசை பொய்ப்பல். எனக்கு நீரிழிவு. என்ன செய்வது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள ரீச்சர், இந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் போங்கள். ஐந்து கிழமை என்பது நல்ல அவகாசம். அதில் ஒன்றைக்கூட யோசித்துக் கழிக்காதீர்கள்.

கப்பலில் டொக்டர் இருப்பார் என்று உங்கள் கணவர் சொன்னது சரி. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, 100 பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு அதிகமான சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் தகுதிபெற்ற வைத்தியர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். பல் வைத்தியருக்கு அப்படி ஒரு கட்டாயம் அதில் இல்லை. பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் பல் வைத்தியரும் இல்லை, பல்லைத் துளைக்கும் கருவியும் இல்லை. கப்பல் டொக்டர் வலிக்கு மாத்திரை தருவார், ஊசி போடுவார், கிருமித் தொற்று என்றால் அன்டிபயோட்டிக் தொடங்குவார், அடுத்த துறைமுகத்தில் பல் வைத்தியரைப் பார்க்க ஒழுங்கு செய்யவும் உதவுவார். அதற்கான கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். பல்லுக்குள் இருக்கும் கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் உல்லாசக் கப்பல் பயணம் முடிந்து, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நேராக, பயணப் பெட்டியோடு என் பல் சிகிச்சை அறைக்கு வந்தார். வலது கன்னம் பளபளவென்று வீங்கிக் கண்ணின் கீழ் இமை வரை ஏறியிருந்தது. கடைசி மூன்று இரவும் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியதாகச் சொன்னார். சாப்பிட்டது சூப்பும் ஐஸ்கிரீமும்தான். கப்பல் டொக்டர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தார். மருந்துச் சீட்டைப் பார்த்தேன், நானும் அதையேதான் எழுதியிருப்பேன். பழைய கிரவுனின் நடுவில் துளையிட்டேன். உள்ளே போன நொடியில் மஞ்சளாக ஒரு துளி சீழ் மேலே வந்து, அவருடைய நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கியது. அதைத் துடைத்துத் துடைத்து எடுத்தோம். பத்து நிமிடத்தில் மனிதர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அந்தச் சிறு துளையைப் போட அந்தக் கப்பலில் ஒருவர் இருந்திருந்தால் மூன்று இரவுகள் மிஞ்சியிருக்கும். அவரும் பயணத்துக்கு முன் இரண்டு மாதமாக "லேசான கூச்சம்"தான் என்று இருந்தவர்.

இனி உங்கள் பல்லுக்கு வருவோம். கடிதத்தில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. வேர்ச் சிகிச்சை செய்த பல்லில் நரம்பு இல்லை, ஆகவே அதற்குக் குளிர் தெரியாது. குளிர்ந்த தண்ணீருக்குச் சுரீரென்பது அநேகமாக அதற்குப் பக்கத்துப் பல். இரண்டுக்கும் நடுவில் உணவு அடைந்து, பக்கத்துப் பல்லில் சூத்தை விழுந்திருக்கலாம், அல்லது முரசு (ஈறு) இறங்கி வேர் வெளியே தெரியலாம். காலையில் வரும் கெட்ட சுவைதான் கிரவுன் போட்ட பல்லைக் காட்டுகிறது. கிரவுனை ஒட்டியிருக்கும் சீமெந்து ஒரு பக்கம் கரைந்து, அந்த இடுக்கில் எச்சிலும் உணவும் புகுந்து நாறுகிறதோ என்று சந்தேகிக்கிறேன். நரம்பு இல்லாததால் அந்தப் பல் வலித்து எச்சரிக்காது, உள்ளுக்குள்ளேயே உக்கிப்போகும். நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் "ஒரு பல்" என்று சொல்லிப் போகாமல், "இரண்டு பல்லையும் பாருங்கள்" என்று சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் குடித்த பின் கூச்சம் சில நொடிகளில் போகிறதா, நிமிடக் கணக்கில் நிற்கிறதா, இரவில் எழுப்புகிறதா என்று இன்றிலிருந்து கவனித்துச் சொல்லுங்கள். சட்டென்று போனால் அடைத்துவிட்டுப் போகலாம். நின்று வலித்தால் நரம்பு பழுதாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பக்கத்துப் பல் அடைப்பது ஓர் அமர்வு வேலை. வேர்ச் சிகிச்சை தேவைப்பட்டால் இரண்டு மூன்று தடவை போகவேண்டும். புதுக் கிரவுன் செய்து வர ஒன்று இரண்டு கிழமை ஆகும். பிடுங்குவதுதான் வழி என்றால் பயணத்துக்குக் குறைந்தது இரண்டு கிழமை முன்பே முடியுங்கள். பிடுங்கிய குழியில் உறைந்த இரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரிந்துவிட்டால் வரும் வலி கடுமையானது, அது பெரும்பாலும் மூன்றாம் நாளையொட்டித் தொடங்கும். அந்த நாள் நடுக்கடலில் வரக்கூடாது. நீரிழிவு இருப்பதால் புண் ஆறவும் உங்களுக்குக் கூடுதல் நாள் பிடிக்கலாம். அண்மையில் பார்த்த சீனி அளவையும், குடிக்கும் மாத்திரைகளின் பட்டியலையும் கையில் கொண்டு போங்கள். எலும்பு மெலிதலுக்கு (ஒஸ்டியோபொரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால், பல் பிடுங்கும் பேச்சு வருவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். பயணத் தேதியையும் முதல் நாளே சொல்லுங்கள். எல்லாவற்றையும் முடிக்க நேரம் போதாது என்றால், பழுதான நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக இறுக அடைத்து அனுப்ப எங்களுக்குத் தெரியும். தனியாரிடம் போக வசதி இல்லையென்றால் கொழும்பு வோர்ட் பிளேசில் இருக்கும் அரசாங்கப் பல் வைத்தியசாலை இருக்கிறது. சிகிச்சை இலவசம், காலையிலேயே போய்விடுங்கள்.

கணவரின் பயத்தை நான் ஒதுக்கவில்லை. கைவைத்த பல் சில நாள் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு வெள்ளவத்தையில் இருக்கும்போது வந்தால் அடுத்த நாள் வந்து காட்டலாம். விமானத்திலும் ஒரு சங்கடம் உண்டு. ஆடும் அடைப்புக்கு அடியிலோ சீழ் பிடித்த வேரிலோ காற்று சிக்கியிருந்தால், விமானம் ஏறும்போது அழுத்தம் குறைந்து பல் வலியால் தெறிக்கும். சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். அந்த வலியோடு கப்பல் ஏறவேண்டாம்.

எல்லாம் சரிபார்த்துப் போனாலும் கிரவுன் கழன்றுவிடலாம். கழன்றால் முதலில் அதைக் கையில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சாப்பாட்டு மேசையில் கடதாசித் துணியில் சுற்றி வைத்து, பரிமாறுபவர் அள்ளிக்கொண்டு போய்த் தொலைந்த கிரவுன்கள் பல. பழைய பிரஷால் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பல்லையும் கிரவுனையும் துடைத்து உலர்த்துங்கள். எதுவும் தடவாமல் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் முன்னால் என்பது அப்போதுதான் தெரியும். மெதுவாகக் கடித்துப் பார்த்து, உயரமாக இடறாவிட்டால், கணவரின் பொய்ப்பல்லுக்குப் பூசும் ஒட்டுப் பசையைக் கடுகளவு உள்ளே வைத்து அழுத்துங்கள். இது ஊர் வந்து சேரும் வரைக்கான ஏற்பாடு. ஆடினால் தூங்கும்போது கழற்றி ஒரு சிறு டப்பாவில் வையுங்கள், தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடாது. சூப்பர் குளூவை எந்தக் காரணத்துக்காகவும் வாய்க்குள் கொண்டுபோகாதீர்கள். சிலர் சுவிங்கம் வைத்து ஒட்டுவார்கள், அதுவும் வேண்டாம். சிங்கப்பூரில் 1992 முதல் அதன் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடையும் இருக்கிறது.

வலிக்கு 500 மில்லிகிராம் பனடோல் (பரசிட்டமோல்) இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் இருந்தால் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். இபுபுரூபன் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் நீரிழிவோடு சிறுநீரகமோ இரத்த அழுத்தமோ சேர்ந்திருப்பவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. கோடீன் கலந்த வலி மாத்திரைகளுக்குச் சிங்கப்பூரில் கட்டுப்பாடு உண்டு, அவற்றைக் கொண்டு போகவேண்டாம். கராம்பெண்ணெய் நம் வீட்டுப் பழைய துணைதான். அதிலுள்ள யூஜெனோல் என்ற பொருளை நாங்களும் தற்காலிக அடைப்பில் பயன்படுத்துகிறோம். பஞ்சில் ஒரு துளி தொட்டுச் சூத்தைக் குழிக்குள் வையுங்கள். சிந்தி முரசில் பட்டால் வெந்துவிடும். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் அஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைப்பவர்களுக்கும் அங்கே வெள்ளையாகத் தோல் வெந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அலுமாரியில் மிச்சமிருக்கும் பழைய அமொக்சிலின் (அன்டிபயோட்டிக்) பெட்டியை எடுத்துச் செல்லாதீர்கள். நரம்பு வீங்கிய வலியை அது தீர்க்காது.

ஒன்றை மட்டும் நீங்கள் இருவரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வீக்கம் கண்ணை நோக்கி ஏறினால், தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினால், நாக்கின் அடி உயர்ந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால், காய்ச்சலோடு நடுக்கம் வந்தால், நேரம் பார்க்காமல் கப்பலின் மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். நள்ளிரவு என்று கூச்சப்படவேண்டாம். அது மூச்சை அடைக்கக்கூடிய நிலை. அதற்கு அந்த டொக்டர்தான் வேண்டும்.

அவசரமில்லாத வலி என்றால் கரை இறங்கும் வரை பொறுத்து, முதல் நாளே வரவேற்பு மேசையில் சொல்லி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே திரும்பிவிடவேண்டும், அது காத்து நிற்காது. பயணக் காப்புறுதியை மகள் எடுத்திருந்தால் பத்திரத்தை அனுப்பச் சொல்லி வாசியுங்கள். பல்லுக்கு வலி தணிக்கும் அவசரச் சிகிச்சைக்கு மட்டும், ஓர் உச்ச வரம்போடு பணம் தருவதே வழக்கம். ஏற்கனவே இருந்த கோளாறு என்று தெரிந்தால் மறுப்பதும் உண்டு. பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். எக்ஸ்ரேயைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருங்கள், பினாங்கிலோ புக்கெட்டிலோ இருக்கும் பல் வைத்தியருக்கு நூறு சொற்களை அது மிச்சப்படுத்தும்.

உங்கள் கணவருக்கும் ஒரு சொல். கடல் கொந்தளித்துக் குமட்டினால் உடனே மேல்வரிசையைக் கழற்றித் தண்ணீர் விட்ட டப்பாவில் போடட்டும். வாந்தியோடு பொய்ப்பல் கடலிலும் கழிப்பறையிலும் போன கதைகளைக் கேட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு எஞ்சிய பயணம் முழுக்கக் கஞ்சிதான். பழைய பொய்ப்பல் வீட்டில் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். வாந்தி எடுத்தால் நீங்கள் உடனே பல் துலக்கவேண்டாம். வயிற்றின் அமிலத்தால் பல்லின் வெளிப்படையான எனாமல் அப்போது இளகியிருக்கும். வெறும் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணித்தியாலம் கழித்துத் துலக்குங்கள். கடல்நோய் மாத்திரைகள் வாயை உலர்த்தும். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும்.

எந்தப் பல் என்று பார்த்துச் சொன்னதும் எனக்கு எழுதுங்கள். பக்கத்துப் பல்தான் என்று நினைக்கிறேன். எக்ஸ்ரே வேறு சொன்னால் அதையும் அறிய விரும்புகிறேன்.