சம்பளம் மாதம் 15,000 கூடுகிறதா, 3,400 கூடுகிறதா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 23 வயது. சொந்த ஊர் ராஜபாளையம். அப்பா நூற்பாலையில் வேலை பார்க்கிறார். இன்ஜினீயரிங் முடித்து, சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் 14 மாதமாக வேலை செய்கிறேன். ஆண்டுக்கு 3.6 லட்சம் சிடிசி (கம்பெனி எனக்காகச் செலவிடும் மொத்தத் தொகை), மாதம் கையில் வருவது 25,000. முதல் மூன்று மாதம் ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் பெஞ்சில் இருந்தேன். அதன்பின் சப்போர்ட் வேலை, பாதி நாள் நைட் ஷிஃப்ட். கோடு எழுதவே வாய்ப்பில்லை. இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனி 5.4 லட்சத்துக்குக் கூப்பிடுகிறது. அதில் 54,000 வேரியபிள், 40,000 ஜாய்னிங் போனஸ். 18 மாதத்துக்குள் விலகினால் போனஸைத் திருப்பித் தர வேண்டும். போக, இரண்டு வருட பாண்ட். இடையில் போனால் 1 லட்சம் கட்ட வேண்டும். வேலை என்னவோ டெவலப்மென்ட்தான்.

மாதம் பிஜி விடுதிக்கு 8,500, வீட்டுக்கு 5,000, மற்ற செலவு 3,000 ஆகிறது. கல்விக் கடன் 4 லட்சம் (10.5% வட்டி, 7 வருடம்), இரண்டு மாதமாக 6,744 இஎம்ஐ கட்டுகிறேன். சேமிப்பு 45,000 இருக்கிறது. பழைய கம்பெனி பிஎஃப்பை எடுத்துக் கடனில் கட்டிவிடு என்கிறார்கள் நண்பர்கள். எல்ஐசி ஏஜென்டாக இருக்கும் பெரியப்பா, மாதம் 4,000 ரூபாய்க்கு எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) போடச் சொல்கிறார். அவர் மனம் நோகக் கூடாது. நான் வேலை மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் 5.4 லட்சத்துக்காக அல்ல, அந்த டெவலப்மென்ட் வேலைக்காக. இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கும் விடை சுலபமாக வந்துவிடும்.

முதலில் அந்த 5.4 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். 3.6 லட்சத்திலிருந்து போகிறீர்கள், ஆக வருடத்துக்கு 1.8 லட்சம், மாதம் 15,000 கூடுதல் என்றுதான் வீட்டில் கணக்குப் போட்டிருப்பீர்கள். இதில் 54,000 வேரியபிள் வருடக் கடைசியில், அதுவும் உங்கள் ரேட்டிங்கையும் கம்பெனியின் லாபத்தையும் பார்த்துத் தருவது. முழுதாக வரலாம், பாதியாக வரலாம். ஜாய்னிங் போனஸ் 40,000 ஒரே ஒரு தடவை வருவது. அடுத்த வருட சம்பளத்தில் அது இருக்காது. மீதி 4.46 லட்சம். அதற்குள் கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு 21,600 இருக்கும். நீங்கள் ஐந்து வருடம் இருந்தால் மட்டும் கிடைக்கக்கூடிய கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை), அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்தால், சுமார் 11,500 ஒதுக்கியிருப்பார்கள். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஐயாயிரமோ ஆறாயிரமோ இருக்கும். இவையெல்லாம் போக, மாதச் சம்பளச் சீட்டில் மொத்தமாக வருவது 33,900 அளவில். உங்கள் பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி 200 கழித்தால் கையில் 31,900.

வருமான வரி பற்றி யோசிக்கவே வேண்டாம். புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை.

அப்புறம் பெங்களூர். அங்கே சாப்பாட்டுடன் பிஜி 11,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்தால் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் ஊர். பெங்களூரிலிருந்து தீபாவளி, பொங்கலுக்கு ஆம்னி பஸ் டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போக்குவரத்துக்கு எவ்வளவு கூடும் என்று. மற்ற செலவை 4,000 ஆக்குகிறேன். இஎம்ஐ 6,744, வீட்டுக்கு 5,000. எல்லாம் போக மிஞ்சுவது சுமார் 5,150. சென்னையில் இப்போது உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 1,750. ஆக, உண்மையில் உங்களுக்குக் கூடுவது மாதம் 3,400 ரூபாய்.

இது உங்கள் உற்சாகத்தைக் குறைப்பதற்காகச் சொல்வது அல்ல. 3,400 ரூபாய்க்காக ஊர் மாறி, இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கனமாகப் பட்ட வரி, “கோடு எழுதவே வாய்ப்பில்லை” என்பதுதான். 23 வயதில் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அந்த 45,000 அல்ல, இனி முப்பத்தைந்து வருடம் நீங்கள் சம்பாதிக்கப்போவது. அது முதல் மூன்று நான்கு வருடங்களில் என்ன கற்றுக்கொள்கிறீர்கள் என்பதைத்தான் பெரிதும் பொறுத்திருக்கிறது. மூன்று வருடம் சப்போர்ட்டில் டிக்கெட் (வாடிக்கையாளர் புகார்) மூடிய அனுபவத்தோடு டெவலப்பர் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்று என்னிடம் வரும் இளைஞர்களிடம் பார்க்கிறேன். அதனால்தான் போங்கள் என்கிறேன்.

போவதற்கு முன் ஒன்று. டெவலப்மென்ட் என்று எச்ஆர் சொன்னாரா, இன்டர்வியூ எடுத்த டெக்னிக்கல் ஆள் சொன்னாரா? எந்த டீம், என்ன ப்ராஜெக்ட் என்று மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அங்கேயும் சப்போர்ட்தான் என்றால் நான் மேலே சொன்னது எல்லாம் மாறிவிடும். இருக்கும் இடத்திலேயே இருந்து வேறு வாய்ப்பு தேடலாம். சம்பளத்தைப் பற்றியும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: ஜாய்னிங் போனஸில் பாதியை ஃபிக்ஸடில், அதாவது நிலையான சம்பளத்தில், சேர்க்க முடியுமா என்று. முடியாது என்றால் நஷ்டமில்லை. முதல் வேலை மாற்றத்தில் இதைக் கேட்கவே கூச்சப்படுவார்கள், குறிப்பாக நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள். மரியாதையாகக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

பாண்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது” என்று சொல்லும் சீனியர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அது பொதுத்துறை வங்கி. திறந்த போட்டியில் ஆளெடுக்கும் செலவையும் சிரமத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. உங்கள் கம்பெனிக்கு அது அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம். ஆனால் வெற்றுத்தாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த 1 லட்சம், மாதம் போகப் போகக் குறையுமா அல்லது 23-வது மாதத்திலும் முழுதாகக் கட்ட வேண்டுமா? அப்பாவை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களா? ஒரிஜினல் மார்க் ஷீட், டிகிரி சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அந்த வேலை வேண்டவே வேண்டாம். சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தரட்டும். பீரோவில் பூட்டி வைக்க அவர்களுக்கு என்ன தேவை?

ஜாய்னிங் போனஸ் 40,000 வந்ததும் அதைத் தனி டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். 18 மாதம் முடியும் வரை அது உங்கள் பணம் அல்ல. போனோ ஸ்கூட்டியோ அதில் வாங்கிவிட்டால், பிடிக்காத இடத்திலிருந்து கிளம்ப நினைக்கும் நாளில் அதுவே காலைப் பிடித்துக்கொள்ளும். முதல் 18 மாதத்தில் விலகினால் போனஸும் பாண்டும் சேர்த்து 1.4 லட்சம் கேட்பார்கள். உங்களுக்கு அவசர நிதி என்று ஒன்று வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் முதல் காரணமே இதுதான். ஆஸ்பத்திரிச் செலவு, வேலை இழப்பு எல்லாம் இருக்கட்டும். நான்கு மாதச் செலவுக்குப் பணம் உள்ளவரால்தான் தகாத வேலையை, மோசமான மேனேஜரை விட்டு நிம்மதியாக வெளியே வர முடியும். இல்லாதவர் அடுத்த ஒன்றாம் தேதிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பெங்களூரில் உங்கள் மாதச் செலவு 27,000 வரும். நான்கு மாதத்துக்கு 1.08 லட்சம். கையில் 45,000, தொடாமல் வைத்த போனஸ் 40,000, மாதம் மிஞ்சுவதில், பின்னால் சொல்லும் டேர்ம் பாலிசிக்கு ஒதுக்கியது போக, 4,300. பிஜி அட்வான்ஸ், முதல் மாத அலைச்சல் எல்லாம் போக, ஏழெட்டு மாதத்தில் அந்த இலக்கைத் தொட்டுவிடுவீர்கள்.

இனி பிஎஃப். 14 மாதத்தில் உங்கள் கணக்கில் சுமார் 34,000 இருக்கும். கம்பெனி கட்டும் 1,800-ல் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போவதால், அங்கே தனியாக 17,500 போயிருக்கும். நண்பர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: கடனுக்கு 10.5%, பிஎஃப்புக்கு 2024-25-ல் 8.25%. ஆனால் அந்த வித்தியாசத்தில் 34,000-க்கு வருடம் 765 ரூபாய்தான் மிச்சம். இழப்பது அதைவிட அதிகம். பிஎஃப்பை எடுக்காமல் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் பழைய கம்பெனியின் 14 மாதமும் உங்கள் சர்வீஸில் சேரும். ஐந்து வருடத்துக்குப் பின் எடுக்கும் பணத்துக்கு வரி கிடையாது. பென்ஷனுக்கு மொத்தம் பத்து வருட சர்வீஸ் வேண்டும். இப்போதைய கணக்கில் ஒவ்வொரு வருடமும் பிற்காலத்து மாதப் பென்ஷனில் சுமார் 214 ரூபாய் சேர்க்கிறது. இதே வட்டி தொடர்ந்தால் 34,000 என்பது 58 வயதில் 5.4 லட்சம் ஆகியிருக்கும்.

என் முதல் வேலையை விட்டபோது நான்கு வருட பிஎஃப்பை எடுத்து, தங்கை கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் வாங்கினேன். வேறு வழி இருக்கவில்லை. இன்று என் பென்ஷன் கணக்கில் அந்த நான்கு வருடம் இல்லை. உங்களுக்கு அப்படி ஒரு நெருக்கடி இப்போது இல்லை, அதனால் தொடாதீர்கள். புதிய கம்பெனியில் பழைய 12 இலக்க யுஏஎன் எண்ணையே (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுங்கள். புதிதாக ஒன்று உருவாக்க விடாதீர்கள். முக்கியமாக, இனிஷியலைப் பாருங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, சர்ட்டிஃபிகேட்டில் இனிஷியல் மட்டும், பிஎஃப்பில் வேறு மாதிரி என்று நம் தமிழ்ப் பெயர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. பழைய கம்பெனியில் இருக்கும்போதே ஆதாரில் உள்ளபடி திருத்திக்கொள்ளுங்கள். வெளியே வந்தபின் அந்த எச்ஆர் போனை எடுக்க மாட்டார்.

கல்விக் கடனில் அவசரம் வேண்டாம். அவசர நிதி சேரும் வரை இஎம்ஐ மட்டும் தவறாமல் போகட்டும். ஒரு மாதம் தவறினாலும் உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்), இணைக் கடன்தாரராக அப்பா இருந்தால் அவருடைய சிபில், இரண்டும் அடிபடும். அதன் பின், எட்டு மாதம் கழித்து மாதம் 3,000 கூடுதலாகக் கட்டத் தொடங்கினாலும் 84 மாதக் கடன் சுமார் 56 மாதத்தில் முடியும். வட்டியில் 50,000-க்கு மேல் மிச்சம். கூடுதல் பணம் அசலில் கழிய வேண்டும், இஎம்ஐ குறையாமல் காலம் குறைய வேண்டும் என்று கிளையில் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாகப் பெரியப்பா. மாதம் 4,000 கட்டினால் பெங்களூரில் உங்களுக்கு மிஞ்சுவதில் முக்கால் பங்கு அங்கேயே போய்விடும். எண்டோமென்ட் பாலிசிகளில் பெரும்பாலும் கிடைப்பது 5 முதல் 6%, நீங்களோ 10.5%-க்குக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் அந்தப் பாலிசி இப்போது வேண்டாம். ஆனால் பெரியப்பா வேண்டும், இல்லையா? அவரிடமே போய், “பெரியப்பா, எனக்கு ஏதாவது ஆனால் அப்பா தலையில் கடன் விழக் கூடாது. எல்ஐசியிலேயே 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி நீங்களே எடுத்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள். சேமிப்பு இல்லாத, உயிருக்கு மட்டுமான காப்பீடு என்பதால் உங்கள் வயதுக்கு மாதம் ஆயிரத்துக்குள் அடங்கும். அப்பாவுக்கு உண்மையாகவே தேவைப்படும் பாதுகாப்பு அது. பெரியப்பாவுக்கும் ஒரு பாலிசி ஆச்சு. ஒருவேளை இதைப் படிப்பதற்குள் எண்டோமென்டில் கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கையில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். முத்திரைக் கட்டணம் போன்ற சிறு தொகை மட்டும் கழித்துப் பணத்தைத் தந்துவிடுவார்கள்.

கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் வந்த பிறகே ராஜினாமா மெயில் அனுப்புங்கள். நோட்டீஸ் காலம் முடித்து, ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிய பிறகு பெங்களூருக்கு டிக்கெட் போடுங்கள். இடையில் ஒரு வாரம் கிடைத்தால் ராஜபாளையம் போய் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.