“முதலில் வளர்ச்சி, மற்றதெல்லாம் பிறகு”: பொருளியல் இதை ஏற்கிறதா?

கேள்வி: ஏழை நாடு முதலில் வளரட்டும், வருமானம் கூடினால் ஏற்றத்தாழ்வும் மாசும் தானாகக் குறைந்துவிடும் என்கிறார்களே, இது நிரூபிக்கப்பட்ட விஷயமா?

இல்லை. நிரூபித்ததாக யார் பெயரைச் சொல்கிறார்களோ, அவர்களே அப்படிச் சொன்னதில்லை.

ஏற்றத்தாழ்வு விஷயத்தில் எல்லோரும் இழுப்பது சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளரை. வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடும், பிறகு குறையும் என்று 1955இல் வந்த கட்டுரையில் எழுதினார். கையில் இருந்த கணக்கு பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனியுடையது. இதில் 5 சதவீதம்தான் தரவு, மீதி 95 சதவீதம் ஊகம், அதிலும் ஆசை கொஞ்சம் கலந்திருக்கலாம் என்று அதே கட்டுரையில் அவரே ஒப்புக்கொண்டார். பாடப்புத்தகத்துக்கு வரும்போது ஏறி இறங்கும் வளைகோடு வந்தது, இந்த வாக்குமூலம் வரவில்லை. 1980க்குப் பிறகு அதே அமெரிக்காவில் ஏற்றத்தாழ்வு மறுபடி ஏறிய கதையை பிரெஞ்சுப் பொருளியலாளர் பிக்கெட்டி விரிவாகக் காட்டிவிட்டார். தென்கொரியாவும் தைவானும் வேகமாக வளர்வதற்கு முன்பே நிலத்தைப் பங்கிட்டவை. அங்கே குஸ்நெட்ஸ் சொன்ன ஏற்றம் பெரிதாக வரவே இல்லை.

சுற்றுச்சூழலுக்கு அதே வளைகோட்டை மாட்டியது 1990களில். கிராஸ்மன், க்ரூகர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் பல நாட்டு ஆறுகளையும் காற்றையும் ஆராய்ந்து 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலான மாசுகள், தலா வருமானம் 8,000 டாலரை (1985 விலையில்) எட்டும் முன்பே இறங்கத் தொடங்குகின்றன என்றார்கள். ஆனால் அந்த இறக்கம் தன்னால் நடப்பதல்ல, மக்கள் கேட்பதாலும் சட்டம் வருவதாலும் நடப்பது என்றும் எழுதியிருக்கிறார்கள். கந்தக டை ஆக்சைடு போன்ற உள்ளூர் மாசுக்கு ஓரளவு பொருந்திய கோடு, கார்பன் டை ஆக்சைடிடம் தடுமாறுகிறது.

தியரி போதும். நான் வாணியம்பாடிப் பக்கத்துக்காரன். பாலாற்றங்கரையில் தோல் ஷாப்புகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, நடுவே வளர்ந்தவனுக்கு இந்த விவாதம் வேறு மாதிரித் தெரியும்.

முன்பு எங்கள் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். அந்த அரைப்பதத் தோல் கப்பலேறி, வெளிநாட்டில் முழுச்சரக்காகி நல்ல விலைக்குப் போனது. அந்த லாபம் நமக்கே வரட்டும் என்று 1970களில் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது, அரைப்பதத் தோலுக்குக் கட்டுப்பாடு வைத்தது. வளர்ச்சிப் பொருளியல் வகுப்பில் “மதிப்புக் கூட்டல்” என்று நூற்றுக்கு நூறு வாங்கும் கொள்கை. பலித்தது. 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே, நாட்டின் முழுமையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டுடையது என்று சொல்கிறது.

கூடவே, பட்டைக்குப் பதிலாகக் குரோம் உப்பில் பதனிடும் முறை வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலையை அது வெகு சீக்கிரம் முடித்துக் கொடுக்கும். ஆனால் போடுகிற குரோம் உப்பில் கணிசமான பங்கு தோலில் ஏறாமல் தண்ணீரோடு போய்விடும். வெளியூர்க்காரர்கள் குரோமைப் பற்றித்தான் பேசுவார்கள், எங்களை முதலில் அடித்தது சாதாரண உப்பு. பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தூவுகிற கல்லுப்பு, ஊறவைக்கும் முதல் தண்ணீரிலேயே கரைந்து வெளியேறும். வழக்கமான சுத்திகரிப்பில் கரைந்த உப்பு போகாது. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தயிர் மாதிரி திரிந்து கையில் ஒட்டும். துவைகல் காய்ந்தால் வெள்ளை பூத்திருக்கும். தென்னையில் காய் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் குரும்பையோடு நின்றது. குடிநீரைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் நகரத்துக்கு முன்பே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பயிருக்கு உதவாமல் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய வழக்குகளில் ஒன்று. அதன் பேரில் அமைந்த ஆணையம் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சுமார் 9,200 ரூபாய். கெட்டுப்போன கிணற்றுக்குப் பதிலாக ஒரு போர்வெல் போட அது கூலிக்குக்கூடக் காணாது. வழக்கு அதோடும் முடியவில்லை: 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு கொடுத்து, இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்றது.

இதே தொழிலில், ஏறக்குறைய இதே காலத்தில் நடந்த இன்னொன்றைப் பக்கத்தில் வையுங்கள். பிசிபி என்ற பூஞ்சைக்கொல்லி உள்ள பொருட்களுக்கு 1989இல் ஜெர்மனி தடை போட்டது. தோல் பூசணம் பிடிக்காமலிருக்க நம் ஆட்கள் தாராளமாகப் போட்டுவந்த சமாச்சாரம் அது. சில ஆண்டுகளுக்குள் மாற்று ரசாயனத்துக்கு மாறிவிட்டார்கள். இந்தியாவும் 1991இல் அதைத் தடைசெய்தது. மாறாவிட்டால் கன்டெய்னர் திரும்பி வரும், அவ்வளவுதான். அப்போது நம் தலா வருமானம் 8,000 டாலரின் நிழலைக்கூடத் தொடவில்லை. ஜெர்மன்காரர் காலில் படும் விஷம் சட்டென்று நின்றது, பாலாற்றுக்காரர் கிணற்றில் கலக்கும் உப்புக்குத் தலைமுறைக் கணக்கில் வழக்கு.

இதை வருமான வளைகோடு விளக்காது. விளக்குவது பொருளியலாளர் ஜேம்ஸ் பாய்ஸ் 1994இல் வைத்த வாதம்: மாசால் லாபம் பெறுபவர் பலசாலியாகவும் பாதிக்கப்படுபவர் பலமற்றவராகவும் இருந்தால் மாசு கூடும். அவர் பார்வையில் ஏற்றத்தாழ்வு, மாசு என்று இரண்டு தனிப் பிரச்சினைகள் கிடையாது, முதலாவது இரண்டாவதை வளர்க்கிறது. 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டிக்குப் பக்கத்தில் படுக்கை யாருக்கு விழுகிறது என்று யோசித்தால் பாய்ஸ் சொல்வது புரியும்.

அப்படியானால் தொழிற்சாலையை மூடு என்கிறேனா? இல்லை. வளர்ச்சியே வேண்டாம் என்கிற தரப்பு பெரும்பாலும் ஐரோப்பாவில் உட்கார்ந்து பேசுகிறது. ஆம்பூர்ப் பக்கம் விடிகாலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். கூலி பெரிதில்லை, டார்கெட் தொல்லை வேறு. ஆனாலும் மாதம் பிறந்தால் தன் பேரில் வரும் சம்பளமும் பி.எஃப்.பும், களை எடுக்கப்போன அவர்கள் அம்மாக்களுக்குக் கிடைக்காதவை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

என் சண்டை, ‘முதலில் வளர்ச்சி, மற்றது பிறகு’ என்ற வரிசையோடு மட்டும்தான். உப்பைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பம் இப்போது இருக்கிறது. சவ்வில் வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சினால் தண்ணீர் திரும்பக் கிடைக்கும். ஆனால் கரன்ட் செலவு எக்கச்சக்கம், கடைசியில் தேங்கும் கலப்பு உப்பை வாங்க ஆளும் கிடையாது, கொட்ட இடமும் கிடையாது. இந்தச் செலவை ஷூ விலையில் ஏற்றினால் வாங்குபவர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார் என்று முதலாளிகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிசிபிக்கு நாடே நிபந்தனை போட்டதுபோல, எந்தத் தண்ணீரில் பதனிட்ட தோல் என்பதற்கும் இறக்குமதி செய்கிற நாடுகள் நிபந்தனை போட்டு, அதற்கான விலையையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு மாறும். 8,000 டாலர் வரும்வரை காத்திருந்தால் மாறாது.