சாவியை ஒளித்தாயிற்று, அப்புறம்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். எங்களுக்குத் தெரியாமல் அவன் அப்பாவின் பைக்கை எடுத்துப்போய், பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பைபாஸில் கையை விட்டு ஓட்டியிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் வீடியோவைக் காட்டியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்பு கபடி ஆடுவான். பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிட்டோம். இப்போது சாவியை ஒளித்து, போனையும் வாங்கி வைத்திருக்கிறேன். முகம் கொடுத்தே பேசமாட்டேன் என்கிறான். என்ன செய்ய?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: சாவியை ஒளித்தது சரி, அதில் தயங்கவே வேண்டாம். இந்த வயதில் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான் உரிமம் கிடைக்கும். 18 வயதாகாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் நடந்தால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. இதை அவனுக்குச் சொல்வதற்கு முன் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். அந்தச் சாவி இத்தனை நாள் ஆணியில்தானே தொங்கியது?

"ஆபத்து என்று தெரியாதா இவனுக்கு?" என்று நினைப்பீர்கள். நன்றாகவே தெரியும். தனியாக உட்காரவைத்துக் கேட்டால் நம்மைப்போலவே பதில் சொல்வான். பருவம் வந்ததும் மூளையில் கிளர்ச்சியைத் தேடும் பகுதி முந்திக்கொள்கிறது. நிதானம் சொல்லும் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிவிடுகிறது. கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்றால் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும். அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஆய்வு வெளியானது 2005-ல். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் துணிந்து ஓட்டியது ஏறக்குறைய இரு மடங்கானது. பெரியவர்களிடம் அப்படி மாற்றமே இல்லை. உங்கள் மகனும் பின்சீட்டில் ஆளில்லாமல் கையை விட்டிருப்பானா என்பது சந்தேகம்தான்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது கபடியில். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர் நடுவே தனியாகப் போய்த் தொட்டுவிட்டு வருவது சின்னத் துணிச்சலா? அதையும் கூட்டாளிகள் பார்த்துக் கைதட்டினார்கள். பிடிபட்டால் முட்டி சிராய்க்கும், ஒரு பாயிண்ட் போகும், அவ்வளவுதான். மார்க்குக்காக அந்த வாசலை மூடினீர்கள், அவன் பைபாஸுக்குப் போய்விட்டான். குற்றம் சொல்லவில்லை, நம் ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது.

நான் கிணற்றில் நீச்சல் பழகியது இடுப்பில் சுரைப்புருடை கட்டிக்கொண்டு. மேலே என் மாமா கயிற்றோடு நின்றார். குதிக்காதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

கபடியேதான் வேண்டும் என்றில்லை. சிலம்பம், பள்ளி மேடையில் பேச்சு, தனியாக ரயிலேறி மதுரைப் பாட்டி வீட்டுக்குப் போய் வருவது என்று, தோற்றாலும் எழுந்துவிடக்கூடிய எதுவும் ஆகும். கூடவே ஒரு வாக்குக் கொடுங்கள்: "எந்த நேரத்தில் எங்கே மாட்டிக்கொண்டாலும் கூப்பிடு, வந்து கூட்டிப்போகிறேன், அன்றைக்குத் திட்டமாட்டேன்." கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். குடி, போதை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் இதெல்லாம் போதாது, உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

போனை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது அந்த வீடியோ பேச்சு வேண்டாம். பழைய கோச் இப்போதும் மைதானத்துக்கு வருகிறாரா என்று மட்டும் கேளுங்கள்.