கொழுப்பு உருகட்டும், காத்திருங்கள்: வியட்நாம் பன்றிக்கறி நொறுக்குகள்

போன இதழில் வியட்நாம்காரர்கள் பன்றிக் கொழுப்பை உருக்கி எடுக்கும் 'தோப் மோ' பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. செய்து பார்த்தவர்கள், கருக்கியவர்கள், எண்ணெய் தெறித்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், 'இதை எதற்குச் சாப்பிடுகிறார்கள்' என்று கேட்டவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். வெளியே கருகிவிட்டது, உள்ளே கொழகொழவென்று கொழுப்பு அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு? (வாசகி, திருச்சி)

தீயில்தான் தப்பு. கடாயைக் காயவைத்து, எண்ணெய் ஊற்றி, வடை பொரிப்பது மாதிரி துண்டுகளைப் போட்டிருப்பீர்கள். இது பொரிக்கிற பண்டம் இல்லை, உருக்குகிற பண்டம். வெண்ணெய் உருக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்: நெய் தனியாக, அடியில் கசண்டு தனியாக. தோப் மோ என்பது பன்றி நெய்யின் கசண்டுதான், ஆனால் மொறுமொறுவென்று இருக்கும் கசண்டு.

கடைக்காரரிடம் முதுகுப் பக்கத்துக் கொழுப்பைக் கேளுங்கள், கெட்டியாக வெள்ளையாக இருக்கும். வயிற்றுக்குள் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கொழுப்பு நெய்க்கு நல்லது, ஆனால் அது முழுக்க உருகிப் போய்விடும், கடிக்க ஒன்றும் மிஞ்சாது. அரைக் கிலோ வாங்கித் தோலை நீக்கி, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள். மிகச் சிறிதாக வெட்டினால் கடைசியில் துகள்தான் கிடைக்கும், ஏனென்றால் துண்டு பாதியாகச் சுருங்கும். இப்போது எண்ணெய்க்குப் பதில் கால் டம்ளர் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து அடுப்பில் வையுங்கள். தண்ணீர் இருக்கும்வரை கடாயின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் துண்டு சிவக்காமல் உள்ளிருக்கும் நெய் மட்டும் மெல்ல வெளியே வரும். தண்ணீர் வற்றியதும் சூடு தானாக ஏறி, அப்புறம்தான் சிவக்க ஆரம்பிக்கும். இந்த வரிசை மாறினால் நீங்கள் சொன்ன கதைதான்.

காதையும் கொஞ்சம் பயன்படுத்துங்கள். முதலில் சடசடவென்று சத்தம் போடும், அது தண்ணீர். சத்தம் அடங்கி, துண்டுகள் மிதந்து, கரண்டியில் அள்ளிப் போட்டால் கூழாங்கல் மாதிரி கலகலவென்று விழுந்தால் நேரம் வந்துவிட்டது. இளம் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள், வெளியே வந்த பிறகும் ஒரு நிறம் ஏறும். முழுக்க முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். ஹனோயில் நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி கடாய் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டேதான் இதைச் செய்வார், நடுவில் ஒருமுறைகூடத் தீயைக் கூட்டிப் பார்த்ததில்லை.

வெறும் கொழுப்பைப் போய் ஆசையாகச் சாப்பிடுவார்களா? (வாசகர், கோவை)

சாப்பிடுவார்கள், அதற்கு ஒரு வலியான காரணமும் உண்டு. போர் முடிந்து நாடு ஒன்றான பிறகு, 1986 கடைசியில் 'தோய் மோய்' என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் வரும்வரை, அரிசியும் கறியும் ரேஷனில்தான். கறிக்குக் கூப்பன், அரிசிக்குப் புத்தகம். விடியும் முன்பே வரிசை. ஆள் நிற்க முடியாதபோது தன் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். முகம் வாடி உட்கார்ந்திருப்பவனை 'அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவன் மாதிரி இருக்கிறாய்' என்று சொல்லும் பழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கூப்பனுக்குக் கறி வாங்குபவர் கொழுப்புத் துண்டுதான் கேட்பார், ஏனென்றால் சமையல் எண்ணெய் என்று தனியாக ஒன்று கிடைக்காது. உருக்கினால் மாதம் முழுக்கத் தாளிக்க நெய், மேலே வந்த தோப் மோ பிள்ளைகளுக்கு. சுடுசோற்றில் ஒரு கரண்டி நெய், இரண்டு சொட்டு மீன் சாஸ் (நெத்திலியை உப்பில் ஊறவைத்து வடிக்கும் சாறு), நாலு துண்டு தோப் மோ. அந்தத் தலைமுறைக்கு இதன் வாசனை வந்தாலே அம்மா ஞாபகம் வரும். அதனால்தான் இதைக் 'கழிவு' என்று யாராவது எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்றும் தெற்கே சைகோனில் நொய்யரிசிச் சோறான 'கம் தாம்' மேலே வெங்காயத்தாள் நெய்யோடு இதைத் தூவுகிறார்கள். ஹுவே நகரத்தில் சின்னக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைக்கும் 'பான் பெவ்' மேல் காய்ந்த இறால் தூளோடு ஒரு துண்டு வைப்பார்கள், மெத்தென்ற மாவுக்கு நடுவே அந்த ஒரு கடி!

மீன் சாஸ், பூண்டு, மிளகாய் போட்டுப் பிரட்டிய வகையைச் செய்தேன். ருசி பிரமாதம், பத்து நிமிடத்தில் நமத்துப் போய்விட்டது. (வாசகி, மதுரை)

பாகு பதம் வரவில்லை. அரைக் கிலோ கொழுப்பில் கிடைக்கும் தோப் மோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒன்றரை மேசைக்கரண்டி மீன் சாஸ், ஒரு கரண்டி தண்ணீர். பூண்டையும் மிளகாயையும் அந்த நெய்யிலேயே தனியாகச் சிவக்க வறுத்து எடுத்துவிடுங்கள், பாகில் வேகவிட்டால் அது ஈரத்தை விடும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம்: சின்னக் கொப்புளம் பெரிய கொப்புளமாகி, கொதி மந்தமாகி, கரண்டியைத் தூக்கினால் கம்பியாக இழுக்க வேண்டும். அடுப்பை அணையுங்கள், *அப்புறம்* தோப் மோவைப் போட்டு வேகமாகப் பிரட்டித் தட்டில் பரப்புங்கள். நன்றாக ஆறியதும் டப்பாவில் அடைக்கலாம். சூட்டோடு மூடினால் ஆவி இறங்கி எல்லாம் வீண். மீன் சாஸிலேயே உப்பு நிறைய, தனியாகப் போடாதீர்கள்.

தோலோடு போட்டால் என்ன? (பலர்)

வெடிக்கும். கொதிக்கும் நெய் முகத்தில் தெறிக்கும். தோலுக்கு வேறு வழி: மெத்தென்று வேகவைத்து, உள்பக்கக் கொழுப்பைச் சுரண்டி எடுத்து, வற்றல் மாதிரி நன்றாகக் காயவைத்து, பிறகு பொரிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம்.

'சா யோ' உருளைகள் (கறிப் பூரணத்தை மெல்லிய அரிசி மாவுத் தாளில் சுருட்டிப் பொரிப்பது) எண்ணெயில் போட்டதுமே பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அரிசித்தாள் மோசமா? (வாசகர், புதுச்சேரி)

புதுச்சேரியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்கு ராணுவத்திலும் அரசு வேலையிலும் போய், அங்கேயே மணம் முடித்துக் குடும்பத்தோடு திரும்பியவர்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள், அந்த வீடுகளில் இந்த உருளை இன்றும் உண்டு. தெரிந்த பாட்டி யாராவது இருந்தால் முதலில் அவரிடம் போய் உட்காருங்கள், என் பதில் அதற்கு அடுத்தபடிதான்.

சரி, தாள் மேல் தப்பில்லை, ஈரம்தான் பிரச்சினை. தாளைத் தண்ணீரில் முக்கி எடுக்காதீர்கள், ஈரத்துணியால் ஒற்றினால் போதும், சுருட்டுவதற்குள் தானாக இளகும். பூரணத்தில் கேரட், வெங்காயத்தை உப்பிட்டுப் பிழிந்து போடுங்கள். கண்ணாடி நூடுல்ஸ் போடுவதே கறியிலிருந்து வரும் சாற்றைக் குடிக்கத்தான் (வடக்கே இதைக் கல்வாழைக் கிழங்கு மாவில் செய்கிறார்கள், நமக்குக் கிடைக்கும் பாசிப்பயறு வகையும் போதும்), அதனால் அதை வேகவைக்காமல் ஊறவைத்து நறுக்கிப் போடுங்கள். அரைக் கிலோ கொத்துக்கறிக்கு 50 கிராம், ஊறவைத்த கருப்புக் காளான் ஒரு கைப்பிடி, ஒரு முட்டை, மிளகு, மீன் சாஸ். கொத்துக்கறியில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும், வெறும் சதை என்றால் உள்ளே மரத்தூள் மாதிரி இருக்கும். இறுக்கிச் சுற்றாமல் விரல் தடிமனுக்குச் சுருட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி, ஒன்றையொன்று தொடாமல், மிதமான எண்ணெயில் வெளிறிய நிறம் வரை பொரித்து எடுங்கள். உள்ளே கறி முழுக்க வெந்ததா என்று ஒன்றை வெட்டிப் பாருங்கள், பன்றிக்கறியில் இளஞ்சிவப்பை விடவே கூடாது. சாப்பிடும் நேரத்தில் நல்ல சூட்டில் இரண்டாவது முறை. அப்போதுதான் தாளில் கொப்புளம் எழும்பி மொறுமொறுப்பு நிற்கும்.

தொட்டுக்கொள்ள மீன் சாஸ், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு ஒவ்வொரு பங்கு, தண்ணீர் நாலைந்து பங்கு, நசுக்கிய பூண்டு, மிளகாய். லெட்யூஸ் கீரை இலையில் புதினாவோடு சுருட்டி இதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும், தக்காளி சாஸ் வேண்டவே வேண்டாம்.

மீன் சாஸ் வாசனை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. சோயா சாஸ் ஊற்றலாமா? (வாசகி, சேலம்)

சைவ சா யோவுக்கு அங்கேயே சோயாதான். கறிக்கு ஊற்றினால் அது வேறு பண்டமாகிவிடும். பாட்டிலை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், அடுப்பில் ஏறியதும் அந்த வாடை போய்விடும். நெத்திலியும் உப்பும் மட்டும் எழுதியிருக்கும் பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள்.

உருக்கிய நெய் மிஞ்சிக் கிடக்கிறது, கொட்டிவிடவா? (வாசகர், நாகர்கோவில்)

ஐயோ, கொட்டாதீர்கள்! சூடு தணிந்ததும் துணியில் வடிகட்டிக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள், ஃபிரிட்ஜில் பால் வெள்ளையாக உறையும், இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். ஒரு கரண்டி எடுத்துச் சூடாக்கி, நறுக்கிய வெங்காயத்தாள் மேல் ஊற்றினால் 'மோ ஹான்' தயார், பழைய சோற்றை வறுக்கும்போது ஊற்றிப் பாருங்கள். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடுங்கள், மற்றவர்களும் தோப் மோவைச் சோற்றுக்கு மேலே தூவும் அளவில் வைத்துக்கொள்ளுங்கள், கிண்ணம் நிறைய அள்ளிக்கொண்டு டிவி முன்னால் உட்கார வேண்டாம்.