மனசு நொந்தால் மிக்சர்: குழுப் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: வயது 39, எடை 94 கிலோ. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். பகலில் அளவாகத்தான் சாப்பிடுகிறேன். மனசு நொந்தால் ராத்திரியில் மிக்சர் டப்பா காலி. டாக்டர் குழுப் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார். நாலு பேர் முன்னால் அழுதால் எடை குறையுமா? ஒரு மையத்தில் ஆறு மாதப் பேக்கேஜுக்கு மொத்தமாக முன்பணம் கேட்கிறார்கள்.

பதில்: அங்கே யாரும் அழ வேண்டியதில்லை, அது டியூஷன் மாதிரி. வாரம் ஒருநாள், நோட்டு, வீட்டுப்பாடம். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குத் தவித்தவர்களுக்காக அமெரிக்காவில் உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை) முறை இது. அடக்க முடியாமல் சாப்பிடுபவர்களுக்காக அதை ஸ்டான்ஃபோர்டில் 20 வாரப் பாடமாக்கினார்கள்.

முதல் வேலை, சாப்பிட்ட இரவைப் பின்னோக்கி எழுதுவது. பத்தரைக்கு மிக்சர். அதற்கு முன் அண்ணியின் போன். அதற்கு முன் சில்க் போர்டில் நகராத பஸ். அதற்கும் முன், மீட்டிங்கில் தவறிப்போன மதியச் சாப்பாடு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைக் கழற்றலாம் என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்பீர்கள். அடுத்தவர் சங்கிலியைப் பார்க்கும்போதுதான் நம்முடையது புரியும். குழுவாக நடத்துவது அதற்காகத்தான். எடை? மிக்சர் இரவுகள் குறையும். எடை மெதுவாகத்தான் இறங்கும், சிலருக்கு அதிகம் இறங்காது.

அதனால்தான் அந்தப் பேக்கேஜ் எனக்குப் பயமாக இருக்கிறது. "மூன்று மாதத்தில் பதினைந்து கிலோ" என்பவர் சிகிச்சை தரவில்லை, வியாபாரம் செய்கிறார். இரண்டு நாள் வகுப்பில் சர்ட்டிபிகேட் வாங்கி 'தெரபிஸ்ட்' போர்டு மாட்டியவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் என்ன என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஓசூர் ரோட்டில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிமான்ஸ் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்து, இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுத்தால், ராத்திரிப் பசியை மனசுப் பசி என்று அடக்காதீர்கள். கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, படபடப்பா? சர்க்கரை இறங்கியிருக்கலாம். குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். அடிக்கடி இப்படியானால் டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டியது மருந்தின் அளவை. குழுவில் சேரும் முதல் நாளே உங்கள் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்சூரன்ஸை நம்பாதீர்கள். மன நோய்க்கும் உடல் நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம். வாரம் ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்து குணமாகிறவருக்கு ஒன்றுமில்லை. இத்தனை வருஷமாகியும் இதை யாரும் சரிசெய்யவில்லை.

அட்வான்ஸ் கட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் இரண்டு மிக்சர் இரவுகளையாவது, மதியச் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து, தமிழிலேயே எழுதி வையுங்கள். முதல் வகுப்புக்கு அந்த நோட்டோடு போங்கள்.