நாடில்லாதவர்களுக்குத் தேசிய அணி எதற்கு?

கேள்வி: சென்ற இதழில், லாக்ரோஸ் விளையாட்டில் உலகில் மூன்றாவதாக வந்த ஹோடினோஷோனி ஆண்கள் அணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். 2028 ஒலிம்பிக்கில் அவர்களுக்கு இடமில்லை என்பது அநியாயம் என்றும் சொல்லியிருந்தீர்கள். நாடே இல்லாதவர்களுக்குத் தேசிய அணி எதற்கு? சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? திறமை இருந்தால் அமெரிக்க அணியிலோ கனடா அணியிலோ சேர்ந்து விளையாடலாமே? நான் பாடசாலை அணியில் உதைபந்து ஆடுகிறவன். எங்கள் பக்கத்தில் அந்த லாக்ரோஸ் பந்தைக் கண்ணால் கண்டவர்கூட இல்லை. அந்தப் பக்கங்களை எங்களுக்குத் தந்திருக்கலாம்.
— ஒரு மாணவ வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் "நாடே இல்லாதவர்கள்" என்று எழுதினீர்களே, அதை அப்படியே விட்டுவிட்டு மேலே போக என்னால் முடியாது.

ஹோடினோஷோனி என்றால் நீளவீட்டு மக்கள் என்று பொருள். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என்ற ஆறு வட அமெரிக்கப் பழங்குடி இனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு அது. வெளியுலகம் அவர்களை இரோக்வாய் என்று அழைத்தது. அவர்களுடைய அணியும் 2022 வரை அந்தப் பெயரில்தான் ஆடியது. ஜோர்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்த 1794ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா இவர்களோடு கனன்டாய்குவா என்ற இடத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி கொடுக்கவேண்டிய துணியை அமெரிக்க அரசு இன்றைக்கும் வருடாவருடம் கொடுத்துவருகிறது. ஓர் அரசு தன்னுடைய குடிமக்களோடு உடன்படிக்கை எழுதுவதில்லை. இன்னொரு தேசத்தோடுதான் எழுதும். 1924இல் அமெரிக்கா பழங்குடி மக்கள் எல்லோருக்கும் குடியுரிமை என்று சட்டம் கொண்டுவந்தபோது, எங்களுக்கு எங்கள் தேசம் இருக்கிறது, இது வேண்டாம் என்று இவர்கள் எழுதி அனுப்பினார்கள். அதற்கு முதல் வருடமே டெஸ்காஹே என்ற கயூகா தலைவர், தங்கள் மக்களே கொடுத்த கடவுச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் போய், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே பேச அவரை விடவில்லை. ஆனாலும் அந்தக் கடவுச்சீட்டின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சரி, விளையாட்டுக்கு வருவோம். நுனியில் வலை பின்னிய தடியால் பந்தைப் பிடித்து, சுமந்து ஓடி, எறிந்து கோல் போடவேண்டும். முழு மைதான ஆட்டத்தில் பக்கத்துக்குப் பத்துப் பேர். ஒலிம்பிக்கில் வரப்போவது பக்கத்துக்கு ஆறு பேர் ஆடும் குறுகிய வடிவம். லாக்ரோஸ் என்பது பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். 1630களில் வட அமெரிக்காவுக்குப் போன இயேசு சபைக் குருமார், நோயாளி குணமாகவேண்டும் என்று ஊரே சேர்ந்து இந்த ஆட்டத்தை ஆடுவதைக் கண்டு எழுதிவைத்தார்கள். நமக்கு இயேசு சபை என்றால் புனித மிக்கேல் கல்லூரியும் கூடைப்பந்தும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலிருந்து வந்த வெபர் அடிகளாரின் பெயரில்தான் மட்டக்களப்பு நகரில் நம் மைதானம் நிற்கிறது. அதே சபையின் முன்னோர்கள் அங்கே கண்டது பொழுதுபோக்கை மட்டும் அல்ல, மருந்தாகவும் வழிபாடாகவும் இருந்த ஓர் ஆட்டத்தை. படைத்தவனுக்கு ஆடிக்காட்டும் ஆட்டம் என்றுதான் ஹோடினோஷோனி மக்கள் இன்றும் சொல்கிறார்கள். ஹிக்கரி என்ற மரத்தைப் பிளந்து, வளைத்து, மாதக்கணக்கில் காயவைத்துச் செய்யும் தடி அது. ஆண்குழந்தையின் தொட்டிலில் சிறு தடியை வைப்பதும், இறந்தவரோடு தடியைப் புதைப்பதும் அங்கே வழக்கம்.

பிறகு நடந்ததைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் உங்கள் "சட்டம் எல்லோருக்கும் ஒன்று" என்ற வரிக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. 1867இல் மொன்ட்ரியலைச் சேர்ந்த ஜோர்ஜ் பியர்ஸ் என்ற பல்வைத்தியர் இந்த ஆட்டத்துக்கு எழுத்தில் விதிகள் வகுத்தார். 1876இல் மோஹாக் ஆட்டக்காரர்களை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய் விக்டோரியா மகாராணி முன்னால் ஆடவைத்தார்கள். அதற்குப் பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே, இவர்கள் காசு வாங்கி ஆடுகிறவர்கள் என்று சொல்லி, கனடாவின் அமெச்சூர் போட்டிகளிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். பயணச் செலவுக்குக்கூட வழியில்லாத மக்கள் காசு வாங்காமல் எப்படி ஊர் ஊராகப் போய் ஆடியிருக்க முடியும்? 1994இல் கனடா இந்த ஆட்டத்தைத் தன் கோடைகாலத் தேசிய விளையாட்டு என்று சட்டமாகவே எழுதிக்கொண்டது. ஆட்டம் கனடாவுக்குத் தேசியமானது. அதைக் கொடுத்தவர்கள் தங்களைத் தேசிய அணி என்று சொன்னால் மட்டும் நமக்கு ஏன் உறுத்துகிறது?

அவர்கள் தங்கள் அணியை 1983இல் அமைத்தார்கள். 1990இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் முதன்முதலாக உலகப் போட்டியில் தங்கள் சொந்தக் கொடியோடு இறங்கினார்கள். அப்புறம் 2010. உலகப் போட்டி மன்செஸ்டரில். அணி நியூயோர்க் வரை வந்துவிட்டது. உங்கள் கடவுச்சீட்டை ஏற்கமாட்டோம், அமெரிக்காவினுடையதையோ கனடாவினுடையதையோ கொண்டுவாருங்கள் என்றது பிரித்தானியா. அப்போது அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளராக இருந்த ஹிலாரி கிளின்டன் தலையிட்டு, ஒருதடவைக்கு மட்டும் அந்தக் கடவுச்சீட்டோடு போய்வர அனுமதித்தார். அப்படியும் பிரித்தானியா இறங்கிவரவில்லை. முதல் ஆட்டமே இங்கிலாந்தோடு. மைதானத்துக்கு வராததால் தோல்வி என்று எழுதிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளில் யார் வேண்டுமானாலும் மற்றக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. தம்பி, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் இந்த மாவட்டத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்ற தலைமுறை நான். நீ யார் என்று கேட்பவனிடம், அவன் விரும்பிய பதிலைச் சொன்னால்தான் அப்பால் போகலாம் என்ற நிலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வரிசையில் நான், அவர்கள் விரும்பிய பதிலைச் சொல்லிவிட்டு நடந்தவன். நியூயோர்க்கிலிருந்து திரும்பிப்போன அந்த இளைஞர்களை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

அதன்பிறகு 2014இல் டென்வர், 2018இல் இஸ்ரேலின் நெதன்யா, 2023இல் சான் டியேகோ என்று மூன்று உலகப் போட்டிகளிலும் தொடர்ச்சியாக வெண்கலம். மூன்று தடவையும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் தோற்றது அவுஸ்திரேலியா. இவர்களுக்கு மேலே இருப்பவை அமெரிக்கா, கனடா என்ற இரண்டே நாடுகள். அவ்வளவு பெரிய சனத்தொகையிலிருந்து வீரர்களைப் பொறுக்கும் இரண்டு தேசங்களுக்கு அடுத்தபடியாக, சில ஊர்களிலிருந்து மட்டும் ஆட்களை எடுக்கும் அணி நிற்கிறது. அமெரிக்கக் கல்லூரி லாக்ரோஸில் வருடத்தின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் விருதின் பெயரே டெவாராட்டன், அது இந்த ஆட்டத்துக்கு மோஹாக் மொழியில் உள்ள பெயர். 2014இல் ஆண்களுக்கான அந்த விருதை லைல், மைல்ஸ் என்ற தொம்சன் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து வாங்கினார்கள்; மறுவருடமும் லைல்தான்.

இனிச் சட்டம். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் லாக்ரோஸ் சேர்க்கப்படும் என்று 2023 ஒக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு முடிவுசெய்தது. தேசிய ஒலிம்பிக் குழு உள்ள நாடுகள்தான் அணி அனுப்பலாம். அந்தக் குழுவை அமைக்க, சர்வதேச சமூகம் அங்கீகரித்த சுதந்திர நாடாக இருக்கவேண்டும். இதுதான் விதி. அந்த டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி பைடனே இவர்களுக்கு விலக்குக் கொடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். விதியைச் சொல்லித்தான் குழு பதில் கொடுத்தது.

விதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கல்லில் வெட்டியது என்று நீங்கள் நினைப்பது தவறு. புவேர்ட்டோ ரிக்கோ தனி நாடு கிடையாது. அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். 2016இல் மொனிகா புய்க் டென்னிஸில் தங்கம் வென்றபோது ஏறியது புவேர்ட்டோ ரிக்கோவின் கொடி. ஹொங்கொங் சீனாவுக்குள் இருந்துகொண்டே தனி அணியாகப் போகிறது. அதே 2016இல் நாடு இழந்த பத்துப் பேரைச் சேர்த்து அகதிகள் அணி என்று ஒன்றை உருவாக்கினார்கள், அது நல்ல காரியம். மனம் இருந்த இடத்திலெல்லாம் வழி கிடைத்திருக்கிறது. மோஹாக் ஆட்டக்காரர்கள் 1904 சென். லூயிஸ் ஒலிம்பிக்கிலேயே லாக்ரோஸ் ஆடி மூன்றாவதாக வந்தவர்கள், ஆனால் கனடாவின் கணக்கில். நூற்றிருபது வருடங்களுக்குப் பிறகும் அதே கணக்கில்தான் வா என்கிறார்கள்.

கிரிக்கெட்டையும் பாருங்கள், அது உங்களுக்குத் தெரிந்த உதாரணம். 2028இல் கிரிக்கெட்டும் ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது. நாம் சின்ன வயதிலிருந்து பார்த்த மேற்கிந்தியத் தீவுகள் என்ற அணி அங்கே அந்தப் பெயரில் ஆடமுடியாது. அப்படியொரு நாடு இல்லை. நாடில்லாதவர்களுக்கு அணி எதற்கு என்று லாராவையும் வோல்ஷையும் பார்த்து நாம் யாரும் கேட்டதில்லையே.

அமெரிக்காவிலோ கனடாவிலோ சேர்ந்து ஆடலாமே என்கிறீர்கள். அக்வெசாஸ்னே என்ற மோஹாக் ஊர் நியூயோர்க், ஒன்டாரியோ, கியூபெக் மூன்றுக்கும் நடுவில் கிடக்கிறது. எல்லைக்கோடு அவர்களைக் கேட்டுப் போட்டதல்ல. நீங்கள் சொல்கிறபடி செய்தால் ஒரே ஊரில் அண்ணன் ஒரு பக்கம், சித்தப்பாவின் மகன் எதிர்ப்பக்கம். 2022இல் அலபாமாவில் நடந்த உலக விளையாட்டுப் போட்டிகளுக்கும் முதலில் இவர்களைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பி மனம் மாறியபோது எட்டு இடங்களும் நிரம்பிவிட்டிருந்தன. அயர்லாந்து தன் இடத்தைத் தானே விட்டுக்கொடுத்தது. அயர்லாந்து வீரர்களும் வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்தவர்கள்தான், உங்களைப்போல விளையாட்டை நேசிப்பவர்கள்தான். அவர்களுக்கு இந்த நியாயம் புரிந்தது.

நம் ஊருக்கு வருகிறேன். கொம்புமுறி என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கண்ணகை அம்மன் கோயிலை ஒட்டி நடப்பது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும்; வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு கட்டி, இரு பக்கமும் இழுக்க, ஒன்று முறியும். மழை பொய்த்தால், அம்மை நோய் பரவினால், அம்மனைக் குளிர்விக்க ஆடியது. என் அம்மம்மா சாகும்வரை தான் எந்தச் சேரி என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. தோற்ற சேரியைப் பழித்துப் பாடும் வசைப்பாட்டுகள் சிலவற்றை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார், சத்தமாகப் பாடச்சொன்னால் வெட்கப்படுவார். நோய் தீர ஊர் கூடி ஆடும் ஆட்டம், மரத்தை வளைத்துச் செய்யும் கருவி, தெய்வத்துக்கான காணிக்கை. ஒனொண்டாகாவில் இருந்து ஒருவர் வந்து நம் கோயில் வெளியில் நின்றால் அவருக்கு இதைப் பெரிதாக விளக்கவேண்டியிராது. நாளைக்கு யாரோ கொம்புமுறிக்கு விதி எழுதி, சங்கம் அமைத்து, உலகப் போட்டி நடத்தி, மட்டக்களப்பார் தங்கள் பெயரில் ஆடமுடியாது, வேறு அணிகளில் சேர்ந்து வாருங்கள் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக, உங்கள் முறைப்பாடு. நம் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்தை இந்தப் பத்திரிகை போதிய அளவு எழுதவில்லை என்பது உண்மை. அடுத்த இதழிலிருந்து பாடசாலை விளையாட்டுக்கு மாதம் இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன், களுவாஞ்சிக்குடியில் தொடங்குவோம், உங்கள் அணியின் ஆட்டம் எப்போது என்று எழுதுங்கள். அதோடு இன்னொன்று. கொம்புமுறியை நேரில் பார்த்த, பாட்டு மறக்காத மூத்தவர்கள் உங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள். என் அம்மம்மாவிடம் பதிவுசெய்யாமல் விட்டுவிட்டேன். ஆட்டம் பார்க்க வரும்போது அவர்கள் வீட்டுக்கும் போய்வருவோம்.