பெரிய குரல் இல்லாத டெனருக்கு ஓபராவில் என்ன வாழ்க்கை?

மற்றவர்களுக்காக ஒரு வரி: ஓபரா என்பது முழுக்கப் பாடி நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம், டெனர் என்பது ஆண்களின் உயர்ந்த குரல். நீங்கள் கேட்டிருப்பது இது: "டெனர் என்றாலே ஓபராவில் கதாநாயகன். குரல் சிறியதாக இருப்பவர் கடைசிவரை துண்டு வேடங்களில் அலைய வேண்டியதுதானா? அதெல்லாம் ஒரு வாழ்க்கையா?"

உங்களுக்கு இருபது, இருபத்தைந்து வயது இருக்கும் என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் எங்கோ ஓர் இசைக் கல்லூரியில் படிக்கிறீர்கள். உங்கள் குரல் சிறியது என்று ஆசிரியர் யாரோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிய கேள்வி மாதிரி இருக்கிறது. நான் பிழையாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

நான் இசை படித்தவன் இல்லை. சுவிஸில் வோ மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். கோயில் பாட்டுக்குழு, கிராமப் பாட்டுக்குழு என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக டெனர் வரிசையில் நிற்கிறேன், அவ்வளவுதான். ஆனால் "துண்டு வேடம்" என்ற சொல்லைப் பார்த்த பிறகு பேசாமல் போக மனம் வரவில்லை.

காரணம் என் அப்பா. யாழ்ப்பாணத்தில் குருநகரில் கடல்தொழில் செய்தவர், கூத்தில் பாடுவார். எங்கள் பக்கக் கத்தோலிக்கக் கூத்து விடிய விடிய நடக்கும். ஒரே ராசாவை மூன்று பேர் மாறி மாறி ஆடுவார்கள், ஒருவருடைய தொண்டை ஓர் இரவு முழுக்கத் தாங்காது. ராசா வேடத்துக்குக் குரல் கடற்கரை வரை கேட்க வேண்டும். அப்பாவின் குரல் மெல்லியது, உயர்ந்தது, நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அவருக்கு ஒவ்வொரு முறையும் கட்டியக்காரன் வேடம்தான் கொடுத்தார். வந்து ராசாவின் வரவைச் சொல்லிவிட்டுப் போவது. எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் பெடியன்கள் "உன்ர அப்பர் ஒருநாளும் ராசா ஆகமாட்டார்" என்பார்கள். நான் அப்பாவோடு இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2010 டிசம்பர் மாதம். எங்கள் இல்லத்தில் ஒரு வயதான அம்மா இருந்தார், முன்னாள் பியானோ ஆசிரியை. கண் தெரியாது, காலையில் நான்தான் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். அன்று ஒரு மரணச் செய்தி: ஊக் குவெனோ, டெனர் பாடகர், வெவே நகரில் காலமானார், வயது 108. நான் அந்தப் பெயரை அதுவரை கேட்டதே இல்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அலுமாரியின் கீழ்த்தட்டில் இடப்பக்கம் மூன்றாவது இசைத்தட்டை எடுக்கச் சொன்னார்.

அது கூப்ரான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் பாரிஸுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கன்னியர் மடத்துக்காகப் புனித வாரத்துக்கென்று எழுதிய இசை. எரேமியாவின் புலம்பல்தான் பாட்டு. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஓர் எபிரேய எழுத்து வரும். அந்த எழுத்தை மட்டும் நீட்டி, வளைத்து, சொல்லே இல்லாமல் பாட வேண்டும். ஊசி தட்டில் இறங்கிக் கரகரத்தது. பிறகு "அலெஃப்" என்று ஒரு குரல் எழுந்தது. சத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே பாடுகிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு வளைவும் துல்லியம், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த அம்மாவின் சுட்டுவிரல் போர்வையின் மேல் அந்த வளைவுகளை ஒன்றும் விடாமல் கீறிக்கொண்டே போனது. எனக்குக் கேட்டது பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் கிழவிகள் இழுத்துப் பாடும் புலம்பல். அதோடு சேர்ந்து கேட்டது அப்பாவின் கட்டியக்காரன் குரல். அதே மெல்லிசு, அதே நேர்.

அன்றிலிருந்து இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1902-இல், வெவேக்குப் பக்கத்தில் ஏரிக்கரை ஊரான கோர்சோவில் பிறந்தவர். 1928-இல் பாரிஸில் ஓபரா மேடை ஏறினார், எர்ன்ஸ்ட் கிரெனெக்கின் ஜாஸ் கலந்த புது ஓபராவில். அடுத்த வருடமே அமெரிக்காவில் நோயல் கவர்டின் இசை நாடகத்தில் பாடினார், அதுவும் நியூயோர்க்கின் பிராட்வே மேடையில். 1937-இல் நாடியா பூலான்ஜே என்ற பெரிய ஆசிரியை மொன்டெவெர்டி என்ற பழைய இத்தாலிய இசையமைப்பாளரின் பாடல்களை இசைத்தட்டாக்கினார். அப்போது மொன்டெவெர்டியை அறிந்தவர்களே குறைவு. அதில் குவெனோவும் இன்னொரு டெனருமாகப் பாடிய காற்றைப் பற்றிய ஒரு பாட்டு இருக்கிறது. இரண்டு குரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். தேடிக் கேளுங்கள்.

ஒரே ஆள்தான் ஓபரெட்டா, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஃக்கின் பாஸ்கா இசை, பிரெஞ்சுக் கவிதைப் பாடல், பிரெஞ்சு இசையமைப்பாளர் சாதீயின் இசை, இத்தாலியரான கவல்லியின் பதினேழாம் நூற்றாண்டு ஓபராவில் கிழப் பெண் வேடம், எல்லாம் பாடினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெனீவா இசைக் கல்லூரியில் வகுப்பும் எடுத்தார்.

ஏன் இத்தனை வகை? என் புரிதலைச் சொல்கிறேன், படித்தவர்கள் திருத்தலாம். ஓபராவில் மைக் கிடையாது. புச்சீனியின், வாக்னரின் கதாநாயகன் என்றால் எண்பது கருவிகள் ஒன்றாக எழும்பும்போது அதற்கு மேலே குரல் போய் நிற்க வேண்டும். குவெனோவின் குரலுக்கு அந்த வாசல் பூட்டியிருந்தது. அவர் அதைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. கருவி குறைவான பழைய இசைக்குப் போனார், சொல் தெளிவு முக்கியமான பாடல்களுக்குப் போனார், யாரும் இன்னும் பாடிப் பழகாத புது இசைக்குப் போனார். பெரிய குரல்காரர் ஏழெட்டு வேடங்களைத் திருப்பித் திருப்பிப் பாடிய காலத்தில், இவர் முந்நூறு வருடத்து இசையைப் பாடிவிட்டார். தன்னிடம் ஆரம்பத்திலேயே குரல் இல்லை, அதனால் இழக்கவும் எதுவும் இல்லை என்று அவரே சொல்வாராம்.

துண்டு வேடம் என்கிறீர்களே, 1951 செப்டம்பரில் வெனிஸில் லா ஃபெனிச்சே அரங்கில் நடந்ததைப் பாருங்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரேக்ஸ் ப்ரோகிரஸ்' ஓபராவின் முதல் அரங்கேற்றம், இசையமைப்பாளரே நடத்துகிறார். குவெனோவுக்கு ஏலக்காரன் செல்லெம் வேடம், ஒரே காட்சி. நாயகன் ஊதாரித்தனத்தால் அழிந்து, வீட்டுச் சாமான் எல்லாம் ஏலத்துக்கு வருகிறது. செல்லெம் ஒவ்வொன்றாகப் புகழ்ந்து விலை ஏற்றுகிறான். கடைசியில், மூடிக் கிடக்கிற என்னவென்று தெரியாத ஒரு பொருளையும் ஏலம் விட்டு, மூடியைத் தூக்குகிறான். உள்ளே நாயகனின் மனைவி! அந்தக் காட்சியில் சொல் ஒன்று தவறினாலும் ஏலம் படுத்துவிடும். அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் புதிய கன்டாட்டாவின் (நடிப்பில்லாமல், கருவிகளோடு பாடும் இசைப் படைப்பு) முதல் மேடையிலும் ஸ்ட்ராவின்ஸ்கி இவரைத்தான் பாட வைத்தார். ஆகப் பெரிய குரல் யாரிடம் என்று தேடி எடுத்த முடிவாக எனக்கு அது தெரியவில்லை. 1954-இல் அதே செல்லெம் வேடத்தோடு இங்கிலாந்தில் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவுக்குப் போனவர், அங்கே மட்டும் 470 தடவைக்கு மேல் மேடை ஏறினார்.

பிறகு 1987 மார்ச். நியூயோர்க் மெட்ரோபொலிடன் ஓபரா, 3,800 பேர் இருக்கும் மண்டபம். புச்சீனியின் 'தூரான்தோ' ஓபராவின் புதிய தயாரிப்பு, கதாநாயகன் ப்ளாசிடோ டொமிங்கோ. உயரத்தில் சிம்மாசனத்தில் இருக்கும் கிழச் சக்கரவர்த்தி அல்தூம் குவெனோ. அந்த அரங்கில் அவருக்கு அதுதான் முதல் மேடை, வயது 84. அவ்வளவு வயதில் அங்கே முதல் முறை பாடியவர் வேறு யாரும் இல்லை. புச்சீனி அந்த இடத்தில் இசைக்குழுவைக் கிட்டத்தட்ட வாய்மூட வைத்திருக்கிறார். கூட்டப் பாட்டும் எக்காளமும் முழங்கி ஓய்ந்த பிறகு, களைத்துப்போன ஒரு கிழவரின் குரல் மட்டும் மேலிருந்து தனியாக இறங்கி வர வேண்டும். அங்கே பெரிய குரல் பாடினால் காட்சியே கெட்டுவிடும். 1994-இல், தொண்ணூறைத் தாண்டியும், சைகோவ்ஸ்கியின் ஓபராவில் பிரெஞ்சு வாத்தியார் த்ரிக்கேயாக, நாயகியின் நாம விழாவுக்கு வாழ்த்துப் பாட்டுப் பாடினார். முதல் மேடைக்கும் இதற்கும் நடுவில் 66 வருடம்.

"அவர் பரம்பரை வீடு வைத்திருந்தவர், வருமானக் கவலை இல்லாமல் பிடித்ததைப் பாடினார்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள், அதில் உண்மை உண்டு. உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை. ஆனால் வசதி மட்டும் ஒருவரை ஸ்ட்ராவின்ஸ்கியின் முதல் மேடையில் கொண்டுபோய் நிறுத்தாது. "பவரொட்டியோடு ஒப்பிடலாமா" என்றும் கேட்பீர்கள். நான் ஒப்பிடவே இல்லை. அந்தப் பெரிய குரல் டெனரையும் எனக்குப் பிடிக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எனக்கும் இது நடந்தது. இங்கே வந்த புதிதில் எங்கள் ஆட்களின் கோயில் பாட்டுக்குழு ஒன்றில் சேர்ந்தேன். ஒரு நத்தாருக்குத் தனிப்பாட்டு ஒன்று கொடுத்தார்கள், மூன்று கிழமை பழகினேன். கடைசி ஒத்திகையில் பொறுப்பாளர் எல்லார் முன்னாலும் "தம்பி, உம்மட குரல் மைக்குக்கே காணாது" என்று சொல்லி என்னைப் பின்வரிசைக்கு அனுப்பினார். வேறொருவர் பாடினார். நன்றாகத்தான் பாடினார், அவரில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நாலு வருடம் நான் குளியலறையில்கூடப் பாடவில்லை. எங்கள் பிள்ளைகளின் பாட்டுப் போட்டிகளிலும் இதுதான் நடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினால் முதல் பரிசு, சுருதி பிசகாமல் மெல்லப் பாடிய பிள்ளைக்கு ஆறுதல் பரிசு. ஸ்பீக்கரை அவ்வளவு சத்தமாக வைத்த பிறகு எந்த நடுவருக்குச் சுருதி கேட்கும்? பெற்றோருக்கும் அதே ஆசைதான். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பதினைந்து வயதுக்குப் பிறகும் பாடுகிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நான் வேலை செய்த பழைய இடத்தில் ஆறு வருடம் வியாழக்கிழமை பின்னேர வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், பாட்டுப் பயிற்சி வியாழனில் என்று. குதிரை ஓட்டப் போகிறேன் என்ற இந்த ஊர்ப் பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் உழைக்க மட்டும் வந்தவர்கள், எங்களுக்கு வியாழன் பின்னேரம் எதற்கு என்று நினைத்திருக்கலாம். அதைத் திரும்ப ஒருமுறை கேட்கும் தைரியம் எனக்கு வந்தது அந்த இசைத்தட்டைக் கேட்ட பிறகுதான், அதுவும் வேறு வேலையிடத்தில்.

அந்த டிசம்பரில் இரவு ஊருக்குப் போன் எடுத்தேன். அப்பாவிடம் கட்டியக்காரன் விருத்தம் ஒன்றைப் பாடச் சொன்னேன். "இப்ப ஏன்டா?" என்றார். பிறகு பாடினார், ஒரு சொல்லும் மறக்கவில்லை. அந்த விருத்தத்தை அவருக்கு மட்டும் ஏன் கொடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "ராசா வரமுதல் சனம் முழுக்கக் கதைச்சுக்கொண்டிருக்கும். ஆர் மெல்லப் பாடினா சனம் வாய மூடும் எண்டு அண்ணாவியாருக்குத் தெரியும்" என்றார்.

ஆகவே உங்கள் ஆசிரியரிடம் "குரல் சிறியது" என்பதோடு பேச்சை நிறுத்த விடாதீர்கள். அப்படியென்றால் எனக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். மொன்டெவெர்டி, பரோக் எனப்படும் பழைய பிரெஞ்சு இசை, பாஃக்கின் பாஸ்காவில் கதை சொல்லும் நற்செய்தியாளர், குணச்சித்திர டெனர் வேடங்கள், இவற்றில் ஒன்றைக்கூட அவரால் சொல்ல முடியாவிட்டால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள். வருமானம் வருமா என்று கேட்டால், அதற்கு நான் பொறுப்பான பதில் சொல்ல முடியாது, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

எங்கள் கிராமப் பாட்டுக்குழுவில் இப்போது டெனர் மூன்று பேர்தான், ஒருவருக்கு எழுபத்தெட்டு வயது. வியாழன் இரவு எட்டு மணிக்குப் பயிற்சி. இந்தப் பக்கம் இருப்பவரென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், இடம் சொல்கிறேன்.